உலகின் முதல் கிறிஸ்தவக் குழந்தை

பெத்லகேமில் நாற்பத்திரண்டு வருஷமாகப் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். இயேசு காலத்து மண்விளக்கு என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கும். எப்ரோனில் என் மச்சினன் சூளையில் சுட்டு, மூன்று மாதம் ஆட்டுப் புழுக்கையில் புதைத்து எடுத்தால் இரண்டாயிரம் வருஷம் ஏறிவிடும். வாங்குகிறவர் சந்தோஷமாகப் போவார். விமான நிலையத்தில் பிடித்தால்கூடப் பயமில்லை, போலி என்று நிரூபித்துவிடலாம். உண்மையான பொருளை விற்றால்தான் ஜெயில். ஆகவே என் தொழிலில் நான் கைமாற்றிய உண்மையான பொருள் ஒன்றே ஒன்று. அதையும் சும்மாதான் கொடுத்தேன்.

அதை வாங்கிக்கொண்டவன் மித்ரி நக்லே. என் வீட்டுப் பின்சுவர்தான் அவன் சமையலறைச் சுவர்; அதன் உச்சியில், கூரைக்கு அடியில், ஒரு கூடை நுழையும் இடைவெளி உண்டு. தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பார்சல் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் எடை சொல்லுவான். அதற்குப் பிறகுதான் தராசில் வைப்பான், தராசும் மறுக்காது. ஜெர்மனிக்கு நான் அனுப்பும் விளக்குகளை ஏந்திப் பார்த்து, "அபு ஜிரியஸ், இந்தத் தடவை மண்ணு சரியா வேகலை, ஈரமிருக்கு" என்பான். பொய் சொல்லத் தெரியாது. மற்றவன் சொல்லும் பொய்யைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரியும். அண்டை வீட்டுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அவன் பெயர் போய்விடும். மூத்தவன் ஜிரியஸ் என்பதால் நான் அபு ஜிரியஸ், அதாவது ஜிரியஸின் அப்பா. என் சொந்தப் பெயர் வரி ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும். மித்ரிக்கு அந்தப் பாக்கியம் மூன்று நாள்தான் கிடைத்தது. வளைகுடாப் போர் சமயம் ஊர் முழுக்க ஊரடங்கு. ஜன்னலைத் திறந்தாலே சிப்பாய்கள் சுடுவார்கள். அந்த வாரத்தில் அவன் மனைவி நஜ்லாவுக்குப் பெண் பிறந்தது. சல்வா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு திணறியது. டாக்டர் வர வழியில்லை, பாதிரியார் வரவும் வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பெற்றவனே குழந்தையை மூன்று தடவை காற்றில் தூக்கிப் பிடித்துப் பிதா, சுதன், ஆவி என்று சொன்னால் அது ஞானஸ்நானம்தான் என்பது எங்கள் சபையின் வழக்கம். மித்ரி தூக்கினான். மூன்றாவது தடவை தூக்கி இறக்கியபோது குழந்தை இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடியாது. பெட்டி செய்யப் பலகை இல்லை, இருந்ததையெல்லாம் குளிருக்கு அடுப்பில் போட்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் மித்ரியின் குரல் கேட்டது: "அபு ஜிரியஸ், வைக்கறதுக்கு ஏதாவது இருந்தா குடு."

என் அப்பா ஒரு குகையில் எடுத்த ஜாடி ஒன்று இருந்தது. ரோமர் காலத்தது, அசல். சுவர்மேல் வைத்துத் தள்ளினேன்.

தலையணை உறையைக் கிழித்து நஜ்லா சுற்றினாள். கண்ணேறு படாமலிருக்கத் தொட்டிலில் குத்தியிருந்த நீலமணியையும் ஊக்கையும் அந்தத் துணியிலேயே குத்தினாள். மித்ரி ஓட்டு மூடியில் ஆணியால் ஒரு சிலுவை கீறினான். வீட்டில் கிடந்த தபால் அரக்கை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றினான். பார்சல் பிரியாமல் போய்ச் சேர அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். சமையலறைத் தரையைப் பெயர்த்து உள்ளே வைத்துச் சிமெண்ட் பூசினான். ஊரடங்கு எடுத்த பிறகு கல்லறைக்கு மாற்றலாம் என்றான். நஜ்லா ஒப்பவில்லை. "இங்கயே இருக்கட்டும். நான் போறப்ப என்னோட அனுப்பி வை."

அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர் அவனை மித்ரி என்றே கூப்பிட்டது. வீட்டுக்குள் நஜ்லா மட்டும் 'அபு சல்வா' என்று கூப்பிடுவாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

போன மாசி மாதம் நஜ்லா இறந்தாள். குடும்பக் கல்லறையின் மேல்கல்லை நாற்பதாம் நாள் பிரார்த்தனை வரை பூசாமல் வைப்பது வழக்கம். அதற்குள் சல்வாவை எடுத்து அம்மா பக்கத்தில் வைத்துவிட வேண்டும். மித்ரிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"கதவைச் சாத்து, ரேடியோவைச் சத்தமா வை, கடப்பாரைய எடு. ஒரு மணி நேர வேலை. யாராவது கேட்டா குழாய் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லு" என்றேன்.

"பழைய தெருவுல ஒரு சாணுக்குக் கீழ தோண்டணும்னா மன்றத்துல அனுமதி வாங்கணும். போர்டு வெச்சிருக்காங்க."

"போர்டு வெச்சவனே செத்துப் பத்து வருஷமாச்சு!"

"சட்டம் சாகலையே. அவளை ஒளிச்சு வெச்சவன் நான்தான், அபு ஜிரியஸ். எடுக்கறதையாவது முறையா எடுக்கறேன்."

மன்றம் என்றால் தொடக்கக் கிறிஸ்தவத் தடய நிர்ணய மன்றம். ஆறு திருச்சபைகளும் நாலு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துவது. கிறிஸ்தவம் எங்கே, எப்போது, யாரால் தொடங்கியது என்பதை மண்ணைத் தோண்டி முடிவு செய்வது அதன் வேலை. தொடங்கி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. இதுவரை முடிவானது உட்காரும் வரிசை மட்டும். கூட்ட அறையின் ஜன்னலைத் திறக்கும் உரிமை ஒரு சபைக்கு, மூடும் உரிமை இன்னொரு சபைக்கு. இரண்டு சபைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆகவே மழைக்காலத்தில் தீர்மானங்கள் குடை பிடித்துக்கொண்டு நிறைவேறும்.

அங்கே செயலாளர் ஓதெத், எங்கள் தெருப் பெண். மித்ரி அவளிடம் மனுப் படிவம் வாங்கி நிரப்பினான். நானும் கூடப் போயிருந்தேன். 'தோண்டப்படும் பொருளின் காலம்' என்று ஒரு கட்டம். இரும்புக் காலம், கிரேக்கர், ரோமர், பைசாந்தியர், சிலுவைப்போர், துருக்கியர் என்று வரிசையாக இருந்தது.

"வளைகுடாப் போர் எங்கம்மா இருக்கு?" என்றான் மித்ரி.

"அது இல்ல மாமா. 'மற்றவை'ன்னு போடலாம். ஆனா மற்றவைக்கு ஆள் வர நாலு வருஷம் ஆகும்."

"நாப்பது நாள்ல கல்லு பூசணுமே."

ஓதெத் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப காலியா விடுங்க. காலம் தெரியலைன்னா மறுநாளே ஓடி வருவாங்க. தெரியாததுன்னா அவங்களுக்கு அவ்வளவு ஆசை."

காலியாக விட்டான். மறுநாளே வந்தார்கள்.

பதினோரு பேர், பல்துலக்கும் பிரஷ்களோடு. சமையலறைக்குக் கயிறு கட்டினார்கள். மித்ரி காபி போட அடுப்புப் பக்கம் போனால், "கட்டம் ஏழில் மனித நடமாட்டம்" என்று குறித்துக்கொண்டார்கள். தான் பூசிய சிமெண்டை அவன் காட்டினான். அதற்குப் 'பிற்கால இடையூறு' என்று பெயர் வைத்து உடைத்தார்கள். ஐந்தாம் நாள் ஜாடி தெரிந்தது. மன்றத்தின் இயக்குநர் டாக்டர் ஹால்ட்டர் குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். ஜாடியின் வயது அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதில் தப்புச் சொல்ல முடியாது, என் அப்பா எடுத்த சரக்கு.

"முதல் நூற்றாண்டு! மூடியில சிலுவை! உள்ள குழந்தை!" என்று அழுதார்.

"ஆமா ஐயா, என் பொண்ணு. எடுத்துக் குடுத்தீங்கன்னா..." என்று மித்ரி இரண்டு கையையும் நீட்டினான்.

ஜாடி அவன் கைக்கு மேலாகப் போயிற்று.

மன்றம் கூடியது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது, குளிர். டாக்டர் ஹால்ட்டர் எழுந்து பேசினார்.

"ஆதிக் கிறிஸ்தவங்களைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? கடிதங்கள் இருக்கு, அதுவும் பிரதிக்குப் பிரதி எடுத்தது. முதல் நூறு வருஷத்துக்கு ஒரு கல் இல்லை, ஒரு ஓடு இல்லை. ஏழை ஜனங்க. அடையாளமே வைக்காமப் போயிட்டாங்க. முப்பது வருஷமா நான் அவங்களைத் தேடறேன். இன்னைக்கு ஒரு ஏழை வீட்டுத் தரைக்குக் கீழ, ஒரு ஏழைத் தகப்பன் தன் கையால சிலுவை கீறி வெச்ச குழந்தை கிடைச்சிருக்கு. அந்தத் தகப்பனோட துக்கம் எனக்கு இப்பவும் கேக்குது!"

மித்ரி கை தூக்கினான். "ஐயா, அந்தத் தகப்பன் நான்தான்."

"உங்க உணர்வை மதிக்கிறேன், மிஸ்டர் நக்லே. ஒரு வகையில இந்த ஊர்க்காரங்க எல்லாருக்குமே அவ பிள்ளைதான்."

"எல்லாருக்கும் இல்லைங்க. எனக்கும் நஜ்லாவுக்கும். பேரு சல்வா."

"ஓதெத், இதை வாய்மொழி மரபுப் பிரிவுல பதிவு பண்ணுங்க. அருமையான மரபு. ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கா, மிஸ்டர் நக்லே?"

"காத்துல குடுத்தேங்க. பதிவேட்டுல ஏறலை."

"பிறப்புச் சான்றிதழ்?"

"ஊரடங்குங்க. ஆபீஸ் திறக்கறதுக்குள்ள போயிட்டா."

"அப்ப இறப்புச் சான்றிதழ்?"

"பிறந்ததைப் பதியாம இறந்ததைப் பதிய மாட்டேன்னுட்டாங்க."

"பார்த்தீங்களா?" என்று டாக்டர் அவையை நோக்கித் திரும்பினார். "எந்த ஆவணமும் இல்லாத குழந்தை. ஆதிக் கிறிஸ்தவங்களோட லட்சணமே அதுதான்!"

துணியில் இருந்த ஊக்கைக் காட்டச் சொன்னான் மித்ரி. காட்டினார்கள். ரோமர்கள் இதே வடிவத்தில்தான் உடுப்பு ஊசி செய்தார்கள் என்று பக்கத்தில் ஒரு படத்தையும் வைத்தார்கள். சத்தியமாக, இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. நீலமணி பிளாஸ்டிக் என்றான். 'இனம் காணப்படாத பிசின்' என்று எழுதிக்கொண்டார்கள்.

"அரக்கு இருக்குமே! மூடியைச் சுத்தித் தபால் அரக்கு ஊத்தியிருந்தேனே!"

சுத்தம் செய்யும் பிரிவுக்காரர் பெருமையோடு எழுந்தார். "சிவப்பா ஏதோ அழுக்கு ஒட்டியிருந்தது. படம் எடுக்கறதுக்கு முன்னால நாங்கதான் மூணு நாள் உக்காந்து சுரண்டி எடுத்தோம்."

அவருக்குக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பேராசிரியர் பெலிக்கானி கையை மேசையில் தட்டினார். டாக்டர் எதைச் சொன்னாலும் மறுப்பதற்காகவே ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். "இது முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் குழந்தை இல்லை. இருக்கவே முடியாது!" என்றார்.

மித்ரி என் முழங்காலைப் பிடித்தான். "நம்ம பக்கம் ஒருத்தர் பேசறார் பாரு."

"அந்தக் காலத்துல சிலுவையை யாரும் அடையாளமா வெச்சுக்கலை. அது ஆளைக் கொல்ற மரம். அதைப் பிள்ளைமேல வரைய எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? சிலுவை பரவினது முந்நூறு வருஷம் கழிச்சு. ஆகவே இந்தக் கீறல் ஜாடியில எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்னு வியாபாரி போட்ட குறி. குழந்தை கிறிஸ்தவக் குழந்தையே இல்லை. ஆனா ரெண்டாயிரம் வருஷம் பழசு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மித்ரி மெதுவாக என் முழங்காலை விட்டான்.

சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஜாடியை நானே கொடுத்தேன் என்றேன்.

"நீங்க பழம்பொருள் வியாபாரியா?" என்றார் டாக்டர்.

"ஆமா."

"போலி வித்திருக்கீங்களா?"

எதிரே மித்ரி உட்கார்ந்திருந்தான். அவனுக்காக ஒரு நாளாவது உண்மை சொல்லலாம் என்று நினைத்தேன். "நாப்பத்திரண்டு வருஷமா அதைத்தான் விக்கறேன். இது ஒண்ணுதான் அசல்."

அவை சிரித்தது. நான் சொன்னதில் அவர்கள் பாதியை நம்பினார்கள்.

"எலும்பைச் சோதிச்சுப் பாருங்க ஐயா" என்றான் மித்ரி. கெஞ்சவில்லை, தபால் ஆபீஸ் ஆள் விதியைக் கேட்பது போலக் கேட்டான். "இப்பல்லாம் வயசு சொல்லிடறாங்களாமே. தப்புன்னா நான் பேசாமப் போயிடறேன்."

டாக்டர் ஹால்ட்டர் அன்போடு சிரித்தார். "சோதிச்சா சந்தேகம் இருக்குன்னு ஆயிடும். மன்றத்துக்குச் சந்தேகம் இல்லை. பேராசிரியருக்கும் இல்லை. சந்தேகம் உங்களுக்குத்தான். உங்களுக்கு இங்க நாற்காலி இல்லையே."

அப்போது அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு சபைக்குச் சொந்தமானது. கூட்டம் முடிந்ததும் அந்தச் சபைக்காரர் வந்து அதைத் துடைத்தார்.

மன்றத்தின் காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து, பஞ்சணை வைத்து ஜாடியை வைத்தார்கள். 'உலகின் முதல் கிறிஸ்தவக் குழந்தை' என்று பலகை மாட்டினார்கள். பெலிக்கானிக்காகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அடியில் பொடி எழுத்தில்: 'உள்ளூர் கர்ண பரம்பரைக் கதையின்படி குழந்தையின் பெயர் சல்வா.' யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வந்து மண்டியிட்டு அழுதார்கள். மித்ரி வரிசையில் நின்றான். ஒருவருக்கு ஒரு நிமிஷம்தான். "நகருங்க பெரியவரே, பின்னால ஜனம் நிக்குது" என்று காவலாளி நகர்த்தினான்.

நாற்பதாம் நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் மன்றத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. யாத்திரிகர்களுக்கு விற்க ஜாடியின் நகல் முந்நூறு வேண்டுமாம், ஊரில் என்னைவிட்டால் வேறு யார்? அடியில் 'நகல்' என்று முத்திரை குத்த வேண்டும் என்பது நிபந்தனை. போலியைப் போலி என்று சொல்லி விற்பது எனக்குப் புது அனுபவம். முதல் நகலைச் செய்து முடித்தபோது முத்திரை குத்தும் முன் நிறுத்தினேன். என் மனத்தில் ஓடியது உங்களுக்கும் ஓடியிருக்கும்.

அசலோடு ஒப்பிட வேண்டும் என்று ஓதெத்திடம் சொன்னேன். காட்சியகம் மூடியிருக்கும் திங்கட்கிழமை மதியம் வரச் சொன்னாள். பெட்டியைத் திறந்தாள். என் பையைப் பார்த்தாள். பை மேடாக இருந்தது. காமிராவுக்குமேல் தன் மேல்கோட்டை மாட்டினாள்.

"காபி போட்டுட்டு வரேன், மாமா. நம்ம காபி, மூணு தடவை பொங்கணும். பத்து நிமிஷம் ஆகும்."

நான் நின்றேன். அசல் ஒரு முழ தூரத்தில். கையை நீட்டினேன். வெளியே காவலாளி யாருடனோ சிரிப்பது கேட்டது. என் கடை லைசென்ஸ் ஞாபகம் வந்தது. ஜிரியஸின் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். பிடிபட்டால் அசல் திருடினவன் என்றல்லவா உள்ளே போடுவார்கள் என்று நினைத்தேன். எத்தனை ஆயிரம் ஜாடி மாற்றியிருக்கிறது இந்தக் கை! அன்று அது ஜாடியைத் தொடவே இல்லை.

ஓதெத் இரண்டு கோப்பையோடு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பிறகு என் பையை. பெட்டியைப் பூட்டினாள். காபியை அவள் குடிக்கவில்லை. நான் குடித்தேன், அவள் போட்டதாயிற்றே.

வீட்டுக்கு வந்தேன். நகல் ஜாடியில் ஒரு பழைய துணியைப் போட்டேன். ஆட்டுக்குட்டி எலும்பு கொஞ்சம், மண் கொஞ்சம். கனம் சரியாக வருமா என்று யோசித்து இன்னும் ஒரு பிடி போட்டேன். மூடியில் ஆணியால் சிலுவை கீறினேன். சுவர்மேல் வைத்துத் தள்ளினேன்.

"மித்ரி! மாத்திட்டேன். எவனுக்கும் தெரியாது. இந்தா, உன் பொண்ணு."

அந்தப் பக்கம் இரண்டு கைகள் வந்து வாங்கின. ஜாடியைக் கீழே வைக்கும் சத்தம் உடனே வரவில்லை.

"நல்லா இரு, அபு ஜிரியஸ்" என்றான்.

நாற்பதாம் நாள் ஜாடியைத் தோள்துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். பாதிரியார் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். நஜ்லாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். கொத்தனார் கல்லை இழுத்துப் பூசினார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மித்ரிதான் என்னைப் பிடித்துக்கொண்டான்.

மன்றத்தின் ஆண்டறிக்கை இந்த வருஷம் வந்தது. 'கிறிஸ்தவத்தின் தொடக்கம் குறித்து உள்ளூர் மக்களிடமும் ஆர்வம் பெருகிவருகிறது. ஒரு முதியவர் ஞாயிறு தவறாமல் குழந்தையைத் தரிசிக்கிறார்' என்று அதில் இருந்தது. படித்ததும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் பின்னாலேயே போனேன். உச்சி வேளை, பஸ்கள் போன பிறகு கூட்டமில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ ஏன் இங்க வர்றே? அவளைத்தான் அம்மாகிட்ட சேர்த்தாச்சே."

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "முப்பத்தொரு வருஷம் பார்சல் தூக்கினவன்ப்பா நான்."

"குறைச்சலா இருந்துதா?"

"கூட இருந்துது. இத்தனை வருஷத்துல அவ அவ்வளவு இருக்க மாட்டா. நீ தாராளமாப் போட்டுட்ட."

"அப்பவே என் மூஞ்சியில வீசியிருக்கலாமே!"

"கொத்தனார் சிமெண்ட் குழைச்சு வெச்சுட்டார். நீ வேற அழுதுட்டிருந்த." மேல்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில் யாரோ வைத்திருந்த கைரேகையைத் துடைத்தான். "நஜ்லாகிட்ட பொண்ணு வந்துட்டான்னு சொல்லியாச்சு. அவ நம்பிட்டா. இவதான் இங்க தனியா இருக்கா."

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. வெளியே போகலாம் என்று எழுந்தபோது அதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஒரே கையெழுத்து, தபால் ஆபீஸ் கையெழுத்து, உருட்டி எழுதியது. 'பெயர்' என்ற கட்டத்தில் மித்ரி நக்லே என்று ஓரிடத்திலும் இல்லை.

கதவடைக்கும் நேரம். காவலாளி சாவிக் கொத்தோடு வந்தான். வெளியூர்க்காரன், எங்கள் தெருக் கதையொன்றும் அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பதிவேட்டில் இருந்ததுதான்.

"அபு சல்வா," என்று கூப்பிட்டான், "நேரமாச்சு. வாங்க."

மித்ரி திரும்பிப் பார்த்தான். எழுந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.